வாசலைப் பார்த்த செருப்பு

நீதிபதி ஃபெய்சுல்லா காய்ந்த ரொட்டியை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தபோது பெகிர் மூச்சிரைக்க வந்து நின்றான். கோட்டைக் காவற்படையில் அவன் ஒரு தலைவன். ஒரு காலத்தில் தொப்பைக்குப் பேர்போனவன்; இப்போது இடுப்புக் கச்சை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியது. வரும் வழியில் மூன்று வீட்டு வாசல்களில் செருப்புகள் தெருவைப் பார்த்துக் கிடந்ததைக் கண்டிருந்தான். நேற்று அவற்றைப் போட்டு நடந்தவர்கள் இன்று இல்லை என்று அர்த்தம்.

"பெரிய பாஷா போயிட்டாரு, எஃபெந்தி."

டான்யூப் கரையிலிருந்த அந்தக் கோட்டையை எதிரி வளைத்திருந்தான்; உள்ளே குதிரை இறைச்சியும் தீர்ந்துபோயிருந்தது. இன்று உச்சிவேளைக்குள் கதவைத் திறந்தால் எல்லோரும் உயிரோடு வெளியேறலாம், தவறினால் ஒருவரும் தப்ப முடியாது என்று எதிரித் தளபதி சொல்லியனுப்பியிருந்தான். கோட்டைத் தலைவரான பெரியவர் ஹுஸ்ரெவ் பாஷா அதைக் கேட்டுச் சிரித்தார். போர்க்களத்தில் வென்றவர்களுக்கு மட்டும் கிடைக்கும் 'காஸி' பட்டம் பெற்றவர் அவர். சரணடைவதென்பது அவர் அகராதியிலேயே இல்லை.

இப்போது அவர் பிணமாகக் கிடந்தார். காயமில்லை, கிழவரின் நெஞ்சு நின்றுவிட்டது என்றார் வைத்தியர். ஆனால் அவருக்கு அடுத்த நிலையிலிருந்த ஷாஹின் பாஷா, கதவைத் திறக்கும்படி ஓர் ஆணையைக் காட்டினார். அதில் கிழவரின் முத்திரை இருந்தது. நேற்று இரவு கிழவரே அதைப் பதித்துக் கொடுத்துவிட்டு உறங்கிப்போனாராம். படைவீரர்கள் நம்பவில்லை, பாதிப் பேர் வாளில் கை வைத்திருந்தார்கள். நீதிபதி சொன்னால்தான் கதவு திறக்கும் என்றார்கள்.

பெகிருக்கு அது திறந்தே ஆகவேண்டும். அவன் மகள் மெலெக் காய்ச்சலில் கிடந்தாள்.

"பாஷாவோட காப்பிக்காரன் ரித்வானைக் கட்டிப்போட்டிருக்கேன். அவந்தான் காப்பியில ஏதோ கலந்திருக்கணும்."

"கோட்டையில காப்பி தீர்ந்து எவ்வளவு நாளாச்சு, பெகிர்? அவிழ்த்து விடு" என்றார் ஃபெய்சுல்லா. "நீ என்ன பாத்தே, அதைச் சொல்லு."

பெகிர் ஒன்று விடாமல் சொன்னான். விடியலில் பாஷாவிடம் காவல் விவரம் சொல்ல மாடிக்குப் போனான். அறை வாசலில் கிடந்த மஞ்சள் செருப்பில் தடுக்கி விழப்பார்த்தான். செருப்பின் மூக்கு படிக்கட்டைப் பார்த்து இருந்ததால், பாஷா ரோந்துக்குக் கிளம்புகிறார் என்று நினைத்து வெளியிலேயே சற்று நேரம் காத்துநின்றானாம். பசியில் புத்தி எங்கே வேலை செய்கிறது?

ஊறிய ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு ஃபெய்சுல்லா எழுந்தார். போகிற வழியில் ரித்வானிடம் இரண்டே கேள்வி கேட்டார். எந்த நேரமும் பீரங்கி வெடிக்கும் என்பதால் பாஷாவின் செருப்பைப் படுக்கையருகேதான் வைப்பது வழக்கம், நேற்றும் அப்படித்தான் வைத்தேன் என்றான் அவன். பிறகு படியடியிலேயே குறுக்கே படுத்துக்கொண்டானாம். ஷாஹின் பாஷா மட்டும் ஏறி இறங்கினாராம். விடியலில் பெகிர் ஏறும்வரை வேறு யாரும் ஏறவில்லையாம்.

கூடத்தில் ஷாஹின் பாஷா நின்றிருந்தார். படைத்தலைவர்கள் சுவரோரம் நின்றார்கள்.

"நீங்க இறங்கும்போது அவர் தூங்கிட்டிருந்தாரா, பாஷா?" என்று கேட்டார் நீதிபதி.

"ஆமா. குறட்டை கேட்டுச்சு."

"அப்போ செருப்பை ஏன் வெளியே எடுத்து வச்சீங்க?"

ஷாஹின் பாஷா கையிலிருந்த ஆணையைச் சுருட்டினார். நீதிபதியே தொடர்ந்தார்.

"தூங்குறவர் செருப்பை யாரும் வாசலுக்குக் கொண்டுவர மாட்டாங்க. செத்தவர் செருப்பைத்தான் வெளியே வச்சு, மூக்கைத் தெருப்பக்கம் திருப்புவோம். உங்களுக்கு அப்புறம் ரித்வான் ஏறலை. பெகிர் போகும்போது செருப்பு வெளியே இருந்துச்சு. அவர் செத்தது உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். முத்திரை பதிச்சது செத்தவர் கை இல்லை."

செருப்பைப் பற்றிச் சொன்னதே பெகிர்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? மகளுக்கு முன்னால் இருந்த கதவை அவனே அல்லவா சாத்திவிட்டான்!

ஷாஹின் பாஷாவின் தோள்கள் தளர்ந்தன. "நான் போறப்பவே உடம்பு சில்லிட்டிருந்தது. கழுத்துல கெடந்த முத்திரையைக் கழட்ட முடிஞ்சுது. அந்தச் செருப்பை அப்படியே விட்டுட்டு வரத்தான் மனசு வரலை. எனக்கு வாள் பிடிக்கக் கத்துக்கொடுத்த மனுஷன்." பிறகு மெதுவாகச் சொன்னார். "கோட்டையைக் கொடுத்த பாஷாவைக் கழுத்தை நெரிச்சுக் கொல்ல இஸ்தான்புல்லேர்ந்து பட்டுக்கயிறு வரும். செத்தவர் கழுத்துக்கு அது வராதேன்னு நெனச்சேன்."

"கழுத்துக்கு வராது. அவர் காஸி பட்டத்துக்கு வரும்" என்றார் ஃபெய்சுல்லா. கிழவரின் முத்திரையை வாங்கிக் கல்லில் வைத்து உடைத்தார். இறந்தவரின் முத்திரைக்கு அதுதான் முறை. "கோட்டை இப்போ உங்க பொறுப்பு. உங்க கழுத்திலயும் ஒரு முத்திரை தொங்குதே, பாஷா."

 ஷாஹின் பாஷா கையிலிருந்த பழைய ஆணையைக் கிழித்தார். கதவைத் திறக்கும் ஆணையைத் தன் பெயரிலேயே எழுதி, முத்திரைக்கு மை கேட்டார். அவர் பதித்து முடித்ததும் சுவரோரம் நின்றவர்கள் வாள்களிலிருந்து கையை எடுத்தார்கள்.

உச்சிவேளைக்குச் சற்று முன் கதவு திறந்தது. பெகிர் மெலெக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு நடந்தான். ஷாஹின் பாஷாவின் வீட்டைக் கடக்கும்போது கால் தானாக நின்றது. வாசலில் அவருடைய மஞ்சள் செருப்பு, தெருவைப் பார்த்தபடி இருந்தது. உள்ளே யாரோ வெறுங்காலுடன் இங்குமங்கும் நடக்கும் சத்தம் கேட்டது.

பெகிர் மகளை இறக்கிவிடாமலே குனிந்து, இரண்டு செருப்பையும் வீட்டைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு நடந்தான்.