காலோடு திரும்பியவர்

கடல்சுவருக்கு உட்பக்கம் இருக்கும் எங்கள் எண்ணூர் நலநிலையத்தில் காலையில் முதலில் வாய் திறப்பது நோயாளி அல்ல, தகுதிமானி. யார் யாரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், அதில் எது தகும், எது தகாது என்று சுவரில் மாட்டியிருக்கும் அந்த இயந்திரம் வாசிக்கும். படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர்கள் நாங்கள், பரீட்சை முடிவு கேட்கும் பிள்ளைகளைப் போலக் கைகட்டி நிற்போம். வெட்கங்கெட்ட பிழைப்பு.

"டாக்டர் வைதேகி. ரத்தநாள அறுவைப் பிரிவுக்கு அனுப்பிய பரிந்துரைகள், நூறு விழுக்காடு தகுதி" என்றது அன்றைக்கு. எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் நிலையத் தலைவி வைதேகி, மணப்பெண் மாதிரி தலை குனிந்து சிரித்தார். அந்த நூறு எப்படி வருகிறது என்று கைதட்டிய அத்தனை பேருக்கும் தெரியும்.

விதி எளிது. அனுப்பிய நோயாளிக்கு அங்கே கத்தி வைத்தால் பரிந்துரை தகும். வைக்காவிட்டால் தகாது, அனுப்பிய டாக்டரின் பரிந்துரை உரிமை ஆறு மாதம் முடங்கிவிடும். வல்லுநர்களின் பொன்னான நேரம் வீணாகிறதாம், அதற்காக மகா புத்திசாலிகள் உட்கார்ந்து யோசித்தது. எங்கள் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? காலுக்கு ரத்தம் ஓடவில்லை என்று தெரிந்தும் மாத்திரை கொடுத்து, நடைப்பயிற்சி சொல்லி, விரல் கறுக்கும்வரை காத்திருந்தார்கள். கறுத்த விரலை எந்த வல்லுநரும் வெட்டாமல் விடமாட்டார். டீ குடிக்கும்போது இதற்குப் 'பழுக்க விடுவது' என்று பெயர் வேறு. தூ!

அன்றுதான் தேவசகாயம் வந்தார். கன்டெய்னர் கிடங்கில் கிரேன் மேல் ஏறிப் பழுது பார்ப்பவர்.

"ராத்திரில காலக் கட்டிலுக்கு வெளிய தொங்கப் போட்டாத்தான் டாக்டர் வலி அடங்குது. கால் போச்சுன்னா ஏணி ஏற முடியாது. எனக்கு வேற வேலையும் தெரியாது."

பாதம் சில்லிட்டிருந்தது. கணுக்காலில் நாடி கிடைக்கவில்லை. விரல்கள் மட்டும் இன்னும் நல்ல நிறத்தில் இருந்தன.

வைதேகி எட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார். "தமயந்தி, விரல் நல்லாத்தானே இருக்கு? கொஞ்ச நாள் பாரு. இப்ப அனுப்பினா பலூன் வெச்சு அடைப்ப எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அது அறுவைக் கணக்குல வராது."

"கால் பொழைக்கும் மேடம்."

"பொழைக்கும். அப்புறம் ஆறு மாசம் உங்கிட்ட வர்றவங்கள யாரு அனுப்புவா? அவங்க தெருவுக்கு நீ மட்டுந்தான் டாக்டர், வேற யாரும் அனுப்ப முடியாது."

இத்தனை மானங்கெட்ட பேச்சுக்கு நடுவே அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் என்னை அதிகமாக எரித்தது. அவர் முன்னாலேயே பரிந்துரையை அனுப்பினேன்.

வைதேகி சொன்னபடியே நடந்தது. தொடை இடுக்கில் ஊசி நுழைத்து, பலூனை ஊதி அடைப்பைத் திறந்து, தேவசகாயத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் காலை தகுதிமானி என் பெயரை வாசித்தது. "அறுவை நடைபெறவில்லை. நோயாளி இரு கால்களுடன் திரும்பினார். பரிந்துரை தகாது."

"சீக்கிரம் அனுப்பினதாலதான் ரெண்டு காலும் இருக்கு!" என்று கத்தினேன்.

"இழக்காத கால் ஆபத்தில் இருந்ததற்குச் சான்று இல்லை" என்றது அது. சுவரோடு சேர்த்து உடைத்திருக்கலாம். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் அறைக்குப் போய் அவரவர் நோயாளிகளின் விரல்களைப் பழுக்க விட்டார்கள்.

மறுவாரம் தேவசகாயம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடவே இன்னொருவர்.

"டாக்டர், இவன் பக்கிரி. எங்க தெருதான், எங்கூட வேல பாக்குறவன். எனக்கிருந்த அதே வலி. வரவே மாட்டேன்னான். நாந்தான் தைரியம் சொல்லிக் கூட்டியாந்தேன். டேய், என்னப் பாருடா." அந்தச் சின்ன அறைக்குள் இப்படியும் அப்படியும் நடந்து காட்டினார்.

பக்கிரியின் பாதத்தைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது. விரல்கள் நல்ல நிறம். தேவசகாயத்தை வெளியே அழைத்துப்போய், அவரை அனுப்பியதால் என் பரிந்துரை உரிமை ஆறு மாதம் முடங்கிக் கிடப்பதைச் சொன்னேன். அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"அப்ப இவனுக்கு?"

"விரல் கறுத்தா ஆம்புலன்ஸ் தானா வரும். அதுக்கு என் பரிந்துரை தேவையில்ல."

அவர் தன் இரண்டு கால்களையும் குனிந்து பார்த்தார். "நான் முழுசாத் திரும்பி வந்ததாலயா டாக்டர்?"

நான் பதில் சொல்வதற்குள், செருப்பை மாட்டிக்கொண்டு பக்கிரி சிரித்த முகமாய் வெளியே வந்தார்.

"எப்பப் போவணும் டாக்டர்? லீவு சொல்லணும்."