ஒன்று... இரண்டு... ஸ்டாம்பர்!

“அய்யய்யோ... கொன்னுட்டான்! என்னைக் கொன்னுட்டான்!”

கொலையானவன் இவ்வளவு சத்தமாகக் கத்த மாட்டான் என்று வர்ஜில் ஸ்டாம்பருக்குத் தெரியும். இருந்தாலும் ஓடினார்.

எழுபது வயது. முழங்கால் இரண்டும் மக்கர். முதுகு மட்டும் கடப்பாரை!

ஹேசல் ஃபோர்க் மல்யுத்த அரங்கம். காலை நேரம். ரிங்கின் நடுவே மல்லாந்து கிடந்தான் டூவி கூம்ஸ். முன்னாள் மல்லன், இந்நாள் அரங்க முதலாளி. நெற்றியிலிருந்து ரத்தம்... கண், மூக்கு, தாடி எல்லாம் சிவப்பு!

பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உடைந்திருந்தது.

காலி!

“பெல்ட்டு எங்கடா?” என்றார் வர்ஜில்.

“அண்ணே... நான் சாகக் கிடக்கேன்...”

“நீ செத்தா வேற முதலாளி கிடைப்பான். பெல்ட்டு எங்க?”

கம்பர்லண்ட் ஹெவிவெயிட் பெல்ட்! கென்டக்கி மலைப்பக்கத்தில் நிலக்கரிக்கு அடுத்தபடியாக மனிதர்கள் உயிரை விட்டது அதற்காகத்தான். ஜெயித்தவர்களின் பெயர்கள் அதன் பித்தளைத் தகட்டில் வரிசையாக வெட்டப்பட்டிருக்கும். முதல் பெயர் ஹோபர்ட் ஸ்டாம்பர். வர்ஜிலின் அப்பா. ஏமஸ் ராட்லிஃப் என்ற மலை மாதிரி ஆளை, தன் முகமெல்லாம் ரத்தம் வழிய வழிய வீழ்த்தி வாங்கிய பட்டம். அப்புறம் வர்ஜில். இப்போது அவர் மகன் ரஸ். நடுவில் ஏழெட்டுப் பேர் வந்து போனார்கள். அவர்களை வர்ஜில் ‘வாடகைக்கு இருந்தவங்க’ என்பார்.

வாசலில் ஜீப் வந்து நின்றது.

ஷெரீஃப் லொரீன் ராட்லிஃப் இறங்கினாள். தோற்றுப்போன அதே ஏமஸின் பேத்தி! அவளைப் பார்த்தால் வர்ஜிலின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும்.

“யாரு அடிச்சா டூவி?”

“ரஸ் ஸ்டாம்பர்! பின்னாலேர்ந்து வந்து பின்மண்டையில ஒரே போடு! திரும்பினா அவன் மூஞ்சி... பெட்டியை உடைச்சு பெல்ட்டை அள்ளிட்டு ஓடிட்டான்!”

“அவன் பெல்ட்டை அவனே எதுக்குத் திருடணும்?”

“இன்னிக்கு சாயங்காலம் கிளைட் நேப்பியர் கிட்ட தோத்துடுவோம்னு பயம்! வேறென்ன?”

“என் மகனுக்கா பயம்?” வர்ஜில் உறுமினார். “பல்லைக் கழட்டிடுவேன்டா!”

“அது ஏற்கெனவே கழட்டி வெக்கிற பல்லுதான்ணே.”

கால் மணி நேரத்தில் ரஸ் அகப்பட்டான். டிரக்கை நிறுத்திவிட்டு, ஈரக் காலணியோடு அவனே விசிலடித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

“காலையில எங்க இருந்தே?” லொரீன் கேட்டாள்.

“வெளியே.”

“யாரோட?”

ரஸ் அப்பாவைப் பார்த்தான். அப்பா கூரையைப் பார்த்தார்.

வர்ஜிலுக்குத் தெரியும். ரஸ் ஆற்றங்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். கிளைட் நேப்பியரோடு! போன வாரம்தான் இரும்பு நாற்காலியால் ரஸ்ஸின் முதுகைப் பிளந்த அதே நேப்பியர். நேரில் பார்த்தால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் உரித்து உப்புத் தடவுவார்கள் என்று ஊரே நம்புகிறது. நிஜத்தில் ஒரே தூண்டில் டப்பாவில் புழு எடுப்பவர்கள்!

அது வெளியே தெரிந்தால் எல்லாமே கூத்து என்று ஆகிவிடும். பட்டம், ரத்தம், தகட்டில் உள்ள அப்பாவின் பெயர்... எல்லாமே!

“சொல்லு ரஸ். யாரு சாட்சி?”

“சொல்ல மாட்டேன்.”

“அப்ப ஜெயில்தான்.”

“சரி.”

வர்ஜிலின் நெஞ்சு விம்மியது. இதுவல்லவா ஸ்டாம்பர் ரத்தம்!

லொரீன் விலங்கை மாட்டினாள். க்ளிக்! அந்தச் சத்தத்தில் விம்மிய நெஞ்சு சுருங்கியது. தகட்டில் சாம்பியன், ஜெயிலில் திருடன். ஒரே குடும்பப் பெயர்! இதற்கா அப்பா ரத்தம் சிந்தினார்?

ரத்தம்...

வர்ஜில் சட்டென்று டூவியின் பக்கம் திரும்பினார்.

பின்மண்டையில் அடி என்றான். ரத்தம் நெற்றியில்! வலது ஆள்காட்டி விரலில் பிசினோடு ஒரு துண்டு பிளாஸ்திரி!

புரிந்துவிட்டது.

பிளேடு! நகக்கண் அளவு பிளேடை விரலில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு, விழும்போது நெற்றியில் லேசாக ஒரு கீறல். வியர்வையோடு கலந்தால் ஒரு துளி ஒரு குடமாகத் தெரியும். மல்லன் வீட்டுச் சமையலறைக்குக்கூடத் தெரியாத தொழில் ரகசியம்!

லொரீனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகன் வெளியே வந்துவிடுவான்.

ஆனால் அடுத்த கேள்வி என்ன வரும்? ‘அப்ப உங்க அப்பா சிந்தின ரத்தம்?’

அதுவும் ஒரு ராட்லிஃப் வாயிலிருந்து!

“லொரீன்... இவன்கிட்ட நான் ஒரு நிமிஷம் பேசணும்.”

“தாராளமா, பெரியவரே.”

பாய்ந்தார். டூவியின் தலை அவர் கக்கத்துக்குள் போனது.

ஹெட்லாக்!

“ஐயோ! பேசறேன்னுதானே சொன்னீங்க!” லொரீன் பதறினாள்.

பேசத்தான் செய்தார். மல்லர்கள் எப்போதும் பிடிக்குள்தான் பேசிக்கொள்வார்கள். அடுத்து யார் விழுவது, எப்போது எழுவது... எல்லாம் காதோடு காதாக.

“பின்மண்டையில அடிச்சா நெத்தியில ஏண்டா ரத்தம்?” கிசுகிசுத்தார் வர்ஜில்.

“பழக்க தோஷம்ணே... கை தானா நெத்திக்குப் போயிடுச்சு... அங்க கீறினாத்தானே கடைசி வரிசைக்குத் தெரியும்...”

“பெல்ட்டு?”

“ரிங்குக்கு அடியில... சோளப்பொரி மூட்டைக்குள்ள...”

“எதுக்குடா இந்த வேலை?”

டூவியின் குரல் உடைந்தது. நடிப்பில்லை.

“பாதி ஆயுசு உங்க குடும்பத்துக்கு மல்லாந்து விழுந்தே போச்சுண்ணே. உங்க காலடியில, உங்க மகன் காலடியில... ஒரு தடவையாவது என் பேரு அந்தத் தகட்டுல வரணும். ரஸ் உள்ள போனா பட்டம் காலி. போட்டி வெச்சு நானே...”

வர்ஜிலின் பிடி தளர்ந்தது. மரியாதைக்காகத் திருடுகிறவனை அவரால் முழுதாக வெறுக்க முடியவில்லை.

“பேச்சை மாத்திச் சொல்லு. சாயங்காலம் உனக்கு ரஸ் விழுவான்.”

“சத்தியமா?”

“ஸ்டாம்பர் சொன்னா சொன்னதுதான்.”

“விடுங்க பெரியவரே, கொலை கேஸாயிடும்!” லொரீன் பிய்த்தெடுத்தாள்.

டூவி மூச்சு வாங்கினான்.

“ஷெரீஃப்... இப்பத்தான் ஞாபகம் வருது! யாரும் அடிக்கல. நானே வழுக்கி விழுந்தேன்!”

“கண்ணாடிப் பெட்டி?”

“அது மேலதான் விழுந்தேன்!”

“பெல்ட்டு?”

“அதுவும் விழுந்துச்சு. உருண்டு... ரிங்குக்கு அடியில போயிருக்கும்!”

“ரஸ்ஸோட மூஞ்சியைப் பாத்தேன்னியே?”

“சுவத்துல போஸ்டர் இருந்துச்சு!”

லொரீன் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயிலிருந்த சூயிங்கம்மை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றினாள்.

“கழுத்தை நெரிச்சா ஞாபகசக்தி வளருதா? நம்ம ஊரு டாக்டர் கிட்ட சொல்றேன்.” விலங்கைக் கழற்றினாள். “சாயங்காலம் முதல் வரிசையில டிக்கெட் வாங்கியிருக்கேன். ஆட்டம் நல்லா இருக்கணும்.”

ஜீப் போனது. வர்ஜில் மகனிடம் பேரத்தைச் சொன்னார்.

“இந்த நாய்க்கு நான் விழணுமா?” ரஸ் கொதித்தான்.

“அடுத்த வாரம் திருப்பி வாங்கிக்கலாம். இவன் வாடகைக்குத்தான் வர்றான்.”

“கிளைட் சண்டை?”

“அவனுக்குக் காய்ச்சல்னு சொல்லிடு. மீன் சாப்பிட்டு வந்த காய்ச்சல்!”

மாலை. அரங்கம் நிரம்பி வழிந்தது.

நடுவர்... வர்ஜிலேதான். முழங்கால் போனதிலிருந்து சனிக்கிழமைதோறும் அவர்தான். தோள் இரண்டும் தரையில் பட்டால் அவர் கை தானாகத் தரையைத் தட்டும்; மூன்று எண்ணுவதற்குள் எழாதவன் தோற்றான். ஒன்று... இரண்டு... மூன்று! அவர் எண்ணிய எண்ணிக்கையை யாரும் திருப்பியதில்லை. அவரும்தான்.

டூவி தலைக்கட்டோடு வந்தான். கூட்டம் காறித் துப்பியது. ரஸ் நாலு குத்து கூடுதலாகவே விட்டான். அதெல்லாம் நிஜம்! அப்புறம் சொன்ன வாக்குப்படி விழுந்தான்.

வர்ஜில் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார்.

ஒன்று... இரண்டு... மூன்று!

மணி அடித்தது. டூவி பெல்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குழந்தை மாதிரி தேம்பினான்.

அப்போதுதான் முதல் வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

லொரீன்!

கயிற்றைத் தாண்டி ரிங்குக்குள் குதித்தாள். இதுவும் ஆட்டத்தில் சேர்த்திதான் என்று நினைத்து ஜனம் விசிலடித்தது. டூவி ஓடப் பார்த்தான். கையை முறுக்கினாள். காலை இடறினாள். மல்லாந்து விழுந்தவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டு குனிந்தாள்.

அவள் அவன் காதோடு சொன்னது வர்ஜிலுக்கும் கேட்டது.

“பின்மண்டையில அடியாம், நெத்தியில ரத்தமாம்! எங்க தாத்தா நெத்தியில இருந்த பிளேடு கீறலை எண்ணித்தாண்டா நான் கணக்கே கத்துக்கிட்டேன்! ஒரு நிரபராதியை உள்ள தள்ளப் பாத்தியா? பொய்ப் புகாருக்கு நீ வா உள்ள!”

வர்ஜில் உறைந்தார்.

இவளுக்கு எல்லாம் தெரியும்! பிறந்ததிலிருந்தே தெரியும்!

தடுக்கலாம் என்று குனிந்தார். மண்டியிட்டார். டூவியின் தோள்கள் கண்ணில் பட்டன.

இரண்டும் தரையில்!

கை தானாக எழுந்தது.

ஒன்று...

‘வேண்டாம்’ என்றது மூளை.

இரண்டு...

மூளைக்கும் கைக்கும் நடுவில் இருபது வருஷப் பழக்கம் நின்றது.

மூன்று!

டிங் டிங் டிங்!

“புதிய சாம்பியன்... ஷெரீஃப் லொரீன் ராட்லிஃப்!” ஒலிபெருக்கி அலறியது. கூரை பிய்ந்துகொண்டு போகும்படி கூச்சல்!

வர்ஜில் தன் கையை யாரோ ஊரான் கை மாதிரி பார்த்தார்.

“இது... இது செல்லாது!”

“அப்படியா பெரியவரே?” லொரீன் மைக்கை நீட்டினாள். “ஏன் செல்லாதுன்னு ஜனத்துக்கிட்ட சொல்லுங்க. காலையிலேர்ந்து நடந்தது எல்லாத்தையும் சேத்தே சொல்லுங்க.”

மைக் நீட்டியபடியே இருந்தது. வர்ஜில் கூட்டத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். தகட்டின் முதல் பெயரைப் பார்த்தார்.

முதுகை நிமிர்த்திக்கொண்டார். ராட்லிஃப் வீட்டுப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து மேலே உயர்த்தினார்.

“இதுவரைக்கும் சாட்சிப் பொருள்னு எடுத்துட்டுப் போகலாம்னுதான் இருந்தேன்,” என்றாள் லொரீன், பெல்ட்டைத் தோளில் போட்டபடி. “இனிமே வேணும்னா உங்க பையனை வந்து ஜெயிக்கச் சொல்லுங்க. காலையில மீன் பிடிக்கப் போகாத நாளாப் பாத்து!”

விலங்கோடு போன டூவி கயிற்றடியில் நின்று திரும்பினான்.

“அண்ணே... என் பேரு தகட்டுல வருமில்ல?”

“வரும்டா,” என்றார் வர்ஜில். “ஆனா நீ சாம்பியனா இருந்த நேரத்தைவிட, அதை வெட்டறதுக்கு நேரம் அதிகமாகும்!”