மூன்றாம் அறையின் வாக்குமூலம்

விசாரணைக் குழுவின் ஜீப் அந்தப் பழைய ஐஸ் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி. அதற்குள் வெயில் மண்டையைப் பிளந்தது. போரின்போது ராணுவம் பதினொரு மாதம் கைதிகளை அடைத்து வைத்திருந்த இடம் அது. குழு வருகிறது என்றதும் சுவருக்கெல்லாம் வெள்ளையடித்து, வாசலில் நாலு பூந்தொட்டியும் வைத்திருந்தார்கள். உண்மையைத் தேடி வருகிறவர்களின் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது இருக்க வேண்டாமா?

பின் சீட்டிலிருந்து ஸ்டெனோ அம்மா இறங்கினாள். முப்பது வருடமாகச் சுருக்கெழுத்து எழுதுகிறவள். ஓய்வுக்கு மூன்று மாதம் பாக்கி. காதில் விழுவது நேரே கைக்குப் போய்விடும். நடுவில் அவள் இருப்பதில்லை. சாட்சி அழுதுகொண்டிருக்கும்போது, வீட்டில் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினோமா என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

கேட்டுக்கு வெளியே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில், மடித்த கம்பளிப் போர்வை.

"இந்த வெயில்ல போர்வையா? விக்கிறதுக்கா?" என்றான் காவலுக்கு நின்ற சிப்பாய்.

"என் பையனுக்குப்பா. உள்ள குளிர் தாங்கலன்னு ஒரு தடவை சொல்லி அனுப்பினான். அதுக்கப்புறம் தகவலே இல்ல." அவள் ஸ்டெனோ அம்மாவைப் பார்த்தாள். "தங்கச்சி, உள்ள யாராவது அவனைப் பத்திப் பேசினா எங்கிட்ட சொல்லுவியா?"

"சொல்றேன்க்கா" என்றாள், நடந்துகொண்டே. கால் நிற்காமல் கொடுக்கிற வாக்கு எந்த லட்சணத்தில் இருக்குமோ, அந்த லட்சணத்தில்.

விசாரணை மேனேஜர் அறையில். குழுத் தலைவர் ஓய்வு பெற்ற ஜெனரல். பதக்கங்களின் பாரத்தில் சட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்ததும் முதல் வேலையாக அறிக்கையின் கடைசிப் பக்கத்தைச் சொல்லி எழுத வைத்தார்: 'கைதிகள் துன்புறுத்தப்பட்டதற்கு எந்த ஆதாரமும் இல்லை.'

"முடிவு ரெடி. முன்னாடி இருக்கிற பக்கத்தை நிரப்பிட்டா கிளம்பிடலாம்."

சாட்சி, முகாமை நடத்திய மேஜர். விதிப்படி, சாட்சி சொன்னதைப் படித்துக் காட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அத்தனைக்கும் யாருக்குப் பொறுமை இருக்கிறது? 'படித்துக் காட்டப்பட்டது, நான் சொன்னதே' என்று அடியில் அச்சடித்த நாற்பது வெற்றுத் தாள்களில் மேஜர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டார். தலைவரும் பக்கத்தில் போட்டுக் கொடுத்தார்.

பிறகுதான் கேள்வியே ஆரம்பித்தது.

"கைதிகளை அடிச்சீங்களா?"

"ஞாபகம் இல்ல சார்."

"பக்கத்துல இருக்கிற மூணாம் ரூம்ல யாரையாவது அடைச்சீங்களா?"

"அது ஸ்டோர் சார்."

பென்சில் ஓடியது. எங்கிருந்தோ மெல்லிய உறுமல். ஐஸ் மெஷின் ஓடுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியே பார்த்தாள். மெஷின் இருந்த இடத்தில் துருப்பிடித்த நாலு போல்ட் மட்டும் நின்றது.

உறுமல் நிற்கவில்லை.

விரல் நுனி விறைத்தது. ஈரச் சாக்கின் வாடை வந்தது. தலைவர் கர்ச்சீப்பால் பிடரி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். குளிர் அவளுக்கு மட்டும்தான்.

மதியம் ஒரு மணி. "சும்மா ஒரு தடவை படிச்சுடும்மா, சம்பிரதாயத்துக்கு" என்றார் தலைவர்.

படித்தாள்.

"கேள்வி: மூன்றாம் அறையில் யாரையாவது அடைத்தீர்களா? பதில்: அது ஸ்டோர். பதினாலு பேர்."

தலைவர் கர்ச்சீப்பைக் கீழே வைத்தார்.

"என்ன பதினாலு பேர்?" என்றார் தலைவர்.

"நான் சொல்லலையே!" என்றார் மேஜர்.

அவள் கண் அடுத்த வரிக்குப் போயிருந்தது. அவளுடைய கோடுகள்தான். அவளுடைய வளைவுகள்தான்.

"கதவு வெளியில தாழ்ப்பாள். மெஷினை ஓட விட்டாங்க. நிறுத்தச் சொல்லிக் கத்தினோம். மேஜர் ஜன்னல்ல நின்னு பார்த்தாரு. ஐஸ் உறைய வைக்கிற உப்புநீர்த் தொட்டிக்குள்ள எங்களைப் போட்டு சிமெண்ட் பூசிட்டாங்க."

கடைசி வரியை அவளால் உரக்கப் படிக்க முடியவில்லை.

*கேட்டுல உட்கார்ந்திருக்கிறது எங்கம்மா.*

மேஜரின் முகம் சுவருக்கு அடித்த வெள்ளையைவிட வெளுத்திருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "யாரு சொன்னது இவகிட்ட?"

"காதுல விழாம என் கை எழுதாது சார்" என்றாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "வயசாச்சு, வெயில் வேற. அந்த வரிகளை அடிச்சுட்டு, பக்கத்துல உன் இனிஷியலைப் போடு. மூணு மாசத்துல பென்ஷன் வாங்கணும்ல?"

எழுதியதை அடித்தால் எழுதியவர் கையெழுத்து வேண்டும். அதுவும் விதிதான். இந்த ஒரு விதி மட்டும் அவருக்கு எப்படியோ ஞாபகம் இருந்தது.

"சரிங்க சார்."

டைப் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். நோட்டைப் பிரித்தாள். பென்சிலை அந்த வரிகளின் மேல் வைத்தாள். ஒரு கோடு, இரண்டெழுத்து; அதோடு முடிந்தது. பென்ஷன் வரும், மகளின் பிரசவத்துக்குக் கையில் காசு இருக்கும்.

உறுமல் கேட்டது. அதற்குள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம். பலமாக இல்லை. தட்டித் தட்டிக் களைத்துப்போன கையின் சத்தம்.

முப்பது வருடத்தில் முதல் முறையாக, காதுக்கும் கைக்கும் நடுவில் அவள் வந்து நின்றாள்.

பென்சிலைக் கீழே வைத்தாள். மேஜரும் தலைவரும் கையெழுத்திட்ட தாள்களை ஒவ்வொன்றாகச் செருகி, எல்லாவற்றையும் டைப் அடித்தாள். ஒரு சொல் விடவில்லை.

நாலு மணிக்குத் தலைமையகத்துக்குத் தபால் பை போகும். மதியத் தூக்கம் கலையாத தலைவர் பைக்கு அரக்கு வைக்க வந்தார்.

"எல்லாம் ஒழுங்கா இருக்காம்மா?"

"சொன்னது சொன்னபடி இருக்கு சார். நீங்க கையெழுத்துப் போட்ட தாள்தான்."

அவர் உள்ளே பார்க்கவில்லை. பார்த்துப் பழக்கம் இல்லை. முத்திரையை அழுத்தியபடி கொட்டாவி விட்டார். வாயிலிருந்து வெண்புகையாய் மூச்சு வந்தது.

அந்த அறையில் ஏசி கிடையாது.

பை வண்டியேறிப் போனதும் கேட்டுக்கு வந்தாள். இந்த முறை கால் நின்றது.

"பேசினாங்களா தங்கச்சி?"

"பேசினாங்கக்கா."

"யாரு?"

அவள் அந்தப் பெண்ணின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கை தானாக நோட்டைப் பிரித்தது. யாரும் பேசவில்லை. பென்சில் நகர்ந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா, என்ன எழுதுற?"

"போர்வையை விரிக்கச் சொல்றாங்கக்கா."

தாய் அதை மடியிலிருந்து எடுத்து, கொதிக்கும் தரையில் விரித்து, சுருக்கங்களை உள்ளங்கையால் நீவி விட்டாள். நீவிய கை நடுவில் நின்றது. அங்கே கம்பளி சில்லென்று இருந்தது. மெல்ல, ஒரு ஆள் நீளத்துக்கு, அது நனைந்துகொண்டே வந்தது.

தாய் குனிந்து அந்த ஈரத்தின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

பென்சில் மறுபடி நகர்ந்தது. ஸ்டெனோ அம்மா குனிந்து படித்தாள்.

*இன்னும் பதிமூணு போர்வை வேணும்.*