இடது பக்கத்து இருக்கை

கதவு திறந்தது. மழையும் ஒரு பெண்ணும் ஒன்றாக உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னாண்ணா, எவ்ளோ நேரம்! ஆம்பூர்தானே? பின்னாடி பூரா மூட்டையா அடுக்கி வெச்சிருக்கீங்க, நான் எங்க உக்கார்றது? ஐயோ... ஆளே இல்லாத சீட்டுக்கு எதுக்கு பெல்ட்டு?"

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ரெனால்டு திடுக்கிட்டுத் திரும்பினான்.

அந்த இருக்கையில் யாரும் உட்காரக் கூடாது. மனைவி ஜெமி போன பிறகு அவனே போட்டுக்கொண்ட சட்டம் அது. இதே சாலை, இதே போன்ற மழை... பக்கத்துச் சாலையிலிருந்து வந்த லாரி இடது பக்கத்தில் மோதியது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இப்போது வண்டி மாறிவிட்டது. பயம் மாறவில்லை. காலி இருக்கைக்கு பெல்ட் மாட்டியேதான் ஓட்டுவான்.

ஜெமியின் அம்மா வீட்டுக் கிறிஸ்துமஸுக்காகச் சென்னையிலிருந்து கிளம்பியவன், வேலூர் தாண்டியதும் ஒரு லாரி உரசுவதுபோல் முந்திப் போக, விரிஞ்சிபுரம் டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டான். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கதவு திறந்தது.

"இது டாக்ஸி இல்லைங்க."

அவள் வண்டியின் எண்ணைப் பார்த்தாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வெள்ளை வண்டின்னு போட்டிருந்திச்சு..."

பெரிய கண்கள். இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

போன் சிணுங்கியது. "கேன்சல் பண்ணிட்டான், பாவி! பஸ்ஸும் புட்டுக்கிச்சு, டாக்ஸியும் போச்சு." குனிந்து கேட்டாள். "நீங்க எந்தப் பக்கம் போறீங்க, சார்?"

"ஆம்பூர்." வாய் முந்திக்கொண்டது.

"அப்ப காசு வாங்காத டாக்ஸி!"

"பின்னாடி உக்காருங்க."

"பின்னாடி கேக்கு, புடவை, இவ்ளோ பெரிய ஸ்டாரு... நான் டிக்கியிலயா வர்றது?"

மழை அவள் தோளில் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் கை தானாகப் போய் அந்த பெல்ட்டைக் கழற்றியது.

அவள் பெயர் ஜெனிஃபா. வேலூரில் நர்ஸ். பண்டிகைக்கு ஊருக்குப் போகிறாள். இவ்வளவையும் அவளே சொன்னாள். வண்டி நகரவில்லை.

"கை ஏன் இப்படி நடுங்குது?" கேட்காமலே அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். குளிர்ந்த விரல்கள்... "அடேங்கப்பா! யாராவது தொரத்துறாங்களா?"

"என் மனைவி அங்கதான் உக்காந்திருந்தா," என்றான். "ரெண்டு வருஷம் ஆச்சு. ஆக்சிடென்ட்."

அவள் விரல்கள் அப்படியே நின்றன. இறங்கிவிடுவாள் என்று நினைத்தான். இறங்கினால் நல்லது என்றும் நினைத்தான்.

அவள் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். க்ளிக்.

"இடது பக்கம் நான் பாத்துக்கறேன். நீங்க நேரா மட்டும் பாருங்க. மெதுவாவே போங்க, கேக்கு ஒண்ணும் ஊசிப் போயிடாது."

வண்டி நகர்ந்தது.

"இடது பக்கம் க்ளியர்... ஒரு மாடு நிக்குது, அதுவும் நம்மளப் பாத்து பயப்படுது... க்ளியர்..."

அந்தக் குரலை நம்பி ஓட்டினான். அவள் குரல் நிற்கும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்தான். பள்ளிகொண்டா டோல்கேட்டில் போன் அடித்தது. கிரேஸி அத்தை, ஜெமியின் அம்மா. வண்டி ஸ்பீக்கரில் அவர் குரல் நிறைந்தது.

"மாப்ள, எங்க இருக்கீங்க? மொத்த சனமும் வந்தாச்சு. நீங்க கொண்டுவர்ற ஸ்டாரத்தான் கட்டணும்னு மாமா ஒத்தக்கால்ல நிக்கறாரு."

ஜெமி போனதிலிருந்து அந்த வாசலில் ஸ்டார் எரியவில்லை. அவன் திரும்பிப் போயிருந்தால் இந்த வருடமும் இருட்டுதான்.

"வந்துட்டே இருக்கேன், அத்தை."

"மழை ஜாஸ்தியா இருக்கு, ஜாக்கிரதை. தனியாவா வர்றீங்க?"

அவன் பக்கத்தில் பார்த்தான். ஜெமியின் இடத்தில் வேறொருத்தி... பெற்றவளிடம் அதை எப்படிச் சொல்வது?

"தனியாத்தான், அத்தை."

அதன்பிறகு இடது பக்கக் குரல் நின்றுபோனது. மாதனூர் தாண்டும்வரை வைப்பர் சத்தம் மட்டும். எதிர்மழையில் சாலை மங்கியது.

"இடது பக்கம்?" என்று கேட்டான்.

"தனியா வர்றவருக்கு நான் எதுக்கு சொல்லணும்?" ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். பிறகு மனசு கேட்காமல், "க்ளியர்... போங்க."

ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட். மழை தூறலாகியிருந்தது. எங்கிருந்தோ பிரியாணி வாசனை. அவள் பெல்ட்டைக் கழற்றினாள்.

"தேங்க்ஸ், சார். உங்க வண்டியில யாருமே வரல. நானும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் கை கதவுப் பிடிக்குப் போனது. காலி இருக்கையோடு இனி ஓட்ட வேண்டும்... வழியெல்லாம் பயந்ததைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. போனை எடுத்தான்.

"அத்தை... பொய் சொல்லிட்டேன். நான் தனியா வரல. மழையில ஒரு பொண்ணு மாட்டிக்கிட்டாங்க. அவங்கதான் என்னைக் கொண்டுவந்து சேர்த்தாங்க."

அத்தை மெல்லக் கேட்டார், "எந்த சீட்ல உக்காந்திருக்கு அந்தப் பொண்ணு?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "முன்னாடி... ஜெமி சீட்ல."

தூறல் கண்ணாடியில் விழும் சத்தம்கூடக் கேட்டது.

"நனைஞ்சிருக்குதா?"

"ஆமா, அத்தை."

"அப்ப கூட்டிட்டு வாங்க, மாப்ள." குரல் உடைந்து, மறுபடி சேர்ந்தது. "துண்டு எடுத்து வெக்கறேன். ஸ்டார் கட்ட இன்னொரு கையும் வேணும்ல."

போனை வைத்தான். அவள் கை இன்னும் கதவுப் பிடியிலேயே இருந்தது.

"நீங்க உக்காந்தப்போ ரொம்ப பயந்தேன்," என்றான். "இப்ப நீங்க எறங்கிடுவீங்கன்னு பயமா இருக்கு. இன்னிக்குத்தான் பாத்தேன்... சொல்லக் கூடாதுதான். ஆனா உங்களப் பிடிச்சிருக்கு, ஜெனிஃபா."

அவள் திரும்பினாள். இமையில் மறுபடியும் ஒரு துளி. இது மழை இல்லை.

"ஒரே ஒரு விஷயம். மொதல்ல அண்ணான்னு கூப்பிட்டேன் இல்ல..."

"ஆமா."

"அத வாபஸ் வாங்கிக்கறேன்."

க்ளிக்.

"இடது பக்கம் க்ளியர்," என்றாள். "எடுங்க."