மிக்கேலாவின் மூச்சு

மிக்கேலாவின் மூச்சுத்திணறலை முதலில் உணர்ந்தவர்கள் அவளுடைய சொந்தக்காரர்கள்தான். துபாயில் வெல்டராக இருந்த தாய்மாமன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாராம். காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் உணரி, ஒருவர் உடல் படுவதை இன்னொருவர் உடலுக்கு அப்படியே கடத்தும். உணரிகளையெல்லாம் இணைத்த அகவலையில் எல்லோரும் மழையில் நனைவதையும் பிரியாணியின் முதல் கவளத்தையும் பகிர்ந்துகொண்டிருந்த காலம் அது. ரெமிஜியா தன் மகள் மிக்கேலாவின் மூச்சைப் பகிர்ந்தாள்.

அவர்கள் ஊரான அலைவாய்க்குப்பத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அதே இளைப்புதான். கடற்கரையை ஒட்டி வந்த உருக்காலை ஊர்மேல் சாம்பல் தூளைக் கொட்டிக்கொண்டிருந்தது. மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள். எல்லாம் வரம்புக்குள் இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள் அதிகாரிகள். அகவலையில் இயக்கங்கள் நடத்திப் பழகிய மெகர்நிஷா மதுரையிலிருந்து வந்தாள். பேசியது போதும், மூச்சையே அனுப்புங்கள் என்றவள் அவள்தான்.

அது நாடெங்கும் பரவியது. பேருந்தில் போனவர்கள் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காற்றுக்குத் தவித்தார்கள். செய்தி வாசித்தவர் பாதியில் நிறுத்தி அழுதார். 'இந்தத் திணறல் நிற்கட்டும்' என்று மெகர் எழுதிய வரியைக் கோடிப் பேர் ஏற்றுக் கைரேகை வைத்தார்கள்.

அரசு பணிந்தது. மருத்துவ வண்டிகள் ஊருக்குள் வந்தன. பிள்ளைகளின் உணரியில் தணிப்பான் ஒன்றை ஏற்றினார்கள். காற்று போதவில்லை என்று மூளை ஒரு மணி அடிக்கிறது, அதுதான் திணறல். தணிப்பான் அந்த மணியைக் கட்டிப்போடும் என்று டாக்டர் விளக்கினார். ரெமிஜியா ஆலையைப் பற்றிக் கேட்டாள்.

"கோரிக்கையில ஆலையைப் பத்தி ஒண்ணும் இல்லையேம்மா. திணறல் நிக்கணும்னுதான கேட்டீங்க?"

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பக்கத்துப் படுக்கையில் மகள் வெகுகாலத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மிக்கேலா எழுந்து ஓடினாள். மணலில் பிள்ளைகளோடு பிடித்து விளையாடினாள். மணி அடிக்காததால் எங்கே நிற்க வேண்டும் என்று அவள் உடம்புக்குத் தெரியவில்லை. சில நாளில் உதடு நீலம் பாரித்தது. பெரியாஸ்பத்திரியில் காட்டியபோது, நுரையீரல் முன்பைவிட மோசம், இனி மருந்தால் ஆவது குறைவு என்றார்கள்.

மெகர் மிக்கேலாவின் மூச்சை மறுபடி பதிவிட்டாள். உணர்ந்தவர்களுக்கோ இதமான மூச்சுதான் கிடைத்தது. குழந்தை நன்றாக இருக்கிறாளே என்று வாழ்த்தினார்கள். நீல உதட்டின் படத்தைப் போட்டாள். உடம்பில் உணராத எதையும் நம்பும் பழக்கம் எவருக்கும் அற்றுப்போயிருந்தது.

கடைசியில் மெகர், தணிப்பானைக் கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அந்தத் திணறலை இன்னொரு முறை அனுப்பினால் ஆலையை மூடவைக்கலாம். மற்ற பிள்ளைகளாவது பிழைக்கும். ரெமிஜியா மகளிடம் சொன்னாள்.

"திரும்பவும் அப்படி இளைக்குமாம்மா?" என்று கேட்டாள் மிக்கேலா.

"ஆமாட்டி."

மிக்கேலா கொஞ்சம் யோசித்து, காதை அம்மாவின் பக்கம் திருப்பிக் காட்டினாள். ரெமிஜியா உணரியின் மேல் கை வைத்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"எங்களால ஆவாது தாயி," என்று மெகரிடம் சொன்னாள்.

யாராவது கவனிக்கட்டும் என்று மெகர் மிக்கேலாவின் மூச்சுப் பதிவை நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தாள். ஒரு மத்தியானம் ரெமிஜியா மகளுக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருக்கும்போது, பள்ளிக்கூடத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்த மிக்கேலா பாதியில் நிறுத்தி மடியில் சாய்ந்தாள். துடிக்கவில்லை, மூச்சு அப்படியே நின்றது. லட்சக்கணக்கானோர் அதைக் கூடவே உணர்ந்தார்கள். உடம்பு லேசாகி, வெதுவெதுப்பான நீரில் மெல்ல இறங்குவது போலிருந்தது என்று எழுதினார்கள்.

அந்தப் பதிவை எடுத்துவிடும்படி ரெமிஜியா பலமுறை கேட்டுப் பார்த்தாள். அவ்வளவு பேருக்கு உதவும் ஒன்றை நீக்க விதியில்லை என்றது அகவலை. நகரங்களில் தூக்கம் வராதவர்கள் இரவில் அதைத்தான் போட்டுக்கொள்கிறார்கள்.