முழு ஓய்வு உறுதி

கோகிலவாணியின் உள்ளங்கை கண்ணாடித் தட்டின் மேல் இருந்தது. ஓய்வுமானி சற்று நேரம் முனகிவிட்டு எழுபத்திரண்டு என்று காட்டியது.

“நாப்பதத் தாண்டக் கூடாதுங்களே” என்றாள் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருந்த குடிவரவு அதிகாரி தினா லவோ.

செலோராத் தீவிலேயே பிறந்து வளர்ந்த தினாவுக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. வாணியின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த மொழிச்சில்லுதான் தினாவின் பேச்சைத் தமிழாக்கியது; தினாவிடமும் அப்படி ஒன்று இருந்தது. எந்த ஊர்த் தமிழ் வேண்டும் என்று கடைக்காரன் கேட்டபோது வாணி கோபிச்செட்டிபாளையம் என்று சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து தீவு முழுவதும் அவளிடம் கொங்குத் தமிழில்தான் பேசியது.

“நான் வேலைக்கே போறதில்லீங்க அம்மிணி. வெளையாட்டு டீச்சரா இருந்து ரிட்டயராகி ஆறு வருசமாச்சு.”

“போறீங்கன்னு நான் சொல்லுலீங்க. மானி சொல்லுதுங்க.”

ஓய்வு பெற்ற வெளிநாட்டினரை செலோரா கைகூப்பி வரவேற்கும். வேலை மட்டும் செய்யக் கூடாது. ஆண்டுக்கொருமுறை விசாவை நீட்டிக்கும்போது, வேலை எதுவும் செய்யவில்லை என்று முன்பெல்லாம் வாயால் சொன்னால் போதும். அப்படிச் சொல்லிவிட்டுப் பலர் மறைவாக ஹோட்டல் நடத்தியதால் இந்த ஆண்டு ஓய்வுமானி வந்துவிட்டது. அது வியர்வையை அளப்பதில்லை, சம்பளத்தையும் பார்ப்பதில்லை. ‘இது நடந்தாக வேண்டும், நடக்காவிட்டால் என் தலையில்தான் விடியும்’ என்று மனம் ஒன்றைச் சுமக்கும்போதெல்லாம் இரத்தத்தில் ஒரு நுண்சுரப்பு கசிகிறதாம். சில வாரங்கள் அது அங்கேயே தங்கும். மானி அதைத் தோல்வழியே படித்துவிடும். ஆசைக்காகப் பகலெல்லாம் தோட்டம் கொத்துகிறவருக்கு எண் ஏறாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி நாலு பேரைப் பற்றி யோசிக்கிறவருக்கு ஏறும்.

அடுத்து வாணியின் கணவர் நாச்சிமுத்து கை வைத்தார். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மானி மூன்று என்றது, நீட்டிப்பையும் தானே பதிந்துகொண்டது.

“மூணுங்க!” தினா எழுந்தே நின்றுவிட்டாள். “இத்தனை கம்மியா நான் பாத்ததே இல்லீங்க. ஐயாவுக்கு நீட்டிப்பு குடுத்தாச்சு. அம்மா அடுத்த மாசம் ஒருக்கா வந்து கை வைங்க. அப்பவும் நாப்பதுக்கு மேல இருந்தா ஊருக்குத்தான் போவோணும்.”

வகுப்பில் முதலாவதாக வந்த பையனைப் போல நாச்சிமுத்து கழுத்தை நிமிர்த்திக்கொண்டார். படகுத்துறைக்கு வருவதற்குள் அந்தக் கழுத்து தொங்கிவிட்டது.

“ஏ அம்மிணி, நீ போயிட்டா என்ற மாத்திரை எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியாதே.”

அவர் ஊருக்குத் திரும்பவும் முடியாது. ஒவ்வொரு பனிக்காலத்திலும் நெஞ்சைப் பிடித்து உலுக்கிய இளைப்பு இந்தக் கடற்காற்றில்தான் அடங்கியிருந்தது. வாணியோ அறுபது வயதுக்கு மேல் இங்கேதான் நீந்தக் கற்றுக்கொண்டாள். காலையில் அலைக்குள் தலையை விட்டு எழும்போது அவளுக்கு இருபது வயது குறைந்துவிடும். அதை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை.

கபடிதான் காரணம் என்று முதலில் முடிவு செய்தார்கள். மாலையில் கடற்கரையில் ஜப்பான், ஜெர்மனி, கென்யா என்று எல்லா நாட்டுப் பாட்டிமாரையும் சேர்த்து அவள் கபடி ஆடிக்கொண்டிருந்தாள். அதை நிறுத்தினாள். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சிறிய கைமானி ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். இரத்தத்தில் அந்தந்த நேரத்துக் கசிவை அது காட்டும். கபடியை நிறுத்திய வாரம் எண் இறங்கவில்லை, இன்னும் ஏறியது.

பிறகு தென்னை மரங்களுக்கிடையே தூளி கட்டி அவளைப் படுக்க வைத்தார் நாச்சிமுத்து. கைமானி மெல்ல மெல்ல முப்பதுக்கு இறங்கியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அவர் மெதுவாக எழுந்து வீட்டுக்குள் போனார்.

“ஏ அம்மிணி, மோரு எங்க?”

அறுபத்தெட்டு.

வாணி எண்ணைப் பார்த்தாள், பிறகு வாசலைப் பார்த்தாள். “ஏனுங்க, இன்னொருக்கா கேளுங்க.”

“மோரு எங்கன்னு கேட்டேன்.”

எழுபத்தொன்று. தூளி குலுங்கும்படி அவள் சிரித்தாள்.

மறுநாள் சமையலைத் தாமே ஏற்றுக்கொண்டு நாச்சிமுத்து சந்தைக்குப் போனார். வெங்காயம் எவ்வளவு, எந்த மீன், பை போதாவிட்டால் என்ன செய்வது என்று அங்கிருந்து கூப்பிட்டபடியே இருந்தார். வாணி நாற்காலியை விட்டு எழவேயில்லை. ஆனாலும் எண் எண்பதைத் தொட்டது.

மீனைக் கீழே வைத்துவிட்டுக் கைமானியை எட்டிப் பார்த்த நாச்சிமுத்து அப்படியே நின்றார். அவருக்கு லோடு கணக்கு அத்துப்படி.

“வேலைய நான் செஞ்சாலும் லோடு உன்ற மேலதான் ஏறுது” என்றார் மெதுவாக. “ஒரே ட்ரான்ஸ்ஃபார்மர்ல ரெண்டு ஊர்க் கரண்டையும் இழுத்திருக்கறோம். பாதி லைனை இந்தப் பக்கம் மாத்தோணும். உன்னயக் கேக்காம மாத்தோணும்.”

மாற்றினார். மாத்திரை, தண்ணீர் கேன், துவைக்கிற நாள், சம்பந்தி வீட்டுக்குப் பேசுகிற நாள் எல்லாம் அவர் தலைக்குப் போயின. பால் வாங்க மறந்ததால் இரண்டு நாள் கடுங்காப்பி குடித்தார்கள். மீன் குழம்பு புளியில் மிதந்தது. நாக்கின் நுனிக்கு வந்ததையெல்லாம் வாணி விழுங்கிக்கொண்டாள். அதுதான் அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது. ஆனால் எண் இறங்கியது. ஒரு மாலை கபடிக்குத் திரும்பினாள். எண் அசையவேயில்லை. கபடி வெறும் சந்தோஷம்தான் என்று அப்போது தெரிந்தது.

நாச்சிமுத்துதான் இப்போது அவ்வப்போது எங்கோ வெறித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“மனசுல என்னமோ ஓடீட்டே இருக்குது அம்மிணி. டிவி பாத்தாலும் நாளைக்கு என்ன சமைக்கறதுன்னு ஓடுது.”

“ஆமாங்க. கண்ணாலமானதுல இருந்து எனக்கு அப்படித்தான் ஓடுது.”

“நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“சொல்றதும் ஒரு வேலைங்களே” என்றாள் வாணி.

அவர் எழுந்து போய் அவளைக் கேட்காமலே மோர் கலக்கி வந்து கொடுத்தார். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அவள் ஒரே மூச்சில் குடித்தாள்.

மாதம் முடிந்து கை வைத்தபோது மானி முப்பத்தெட்டு என்றது. வாணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. நாச்சிமுத்து தாமும் வைத்துப் பார்த்தார். முப்பத்தேழு.

தினா இரண்டு எண்களையும் வாய்க்குள் கூட்டினாள். “கூட்டினா போன மாசத்து அதே எழுவத்தஞ்சுதானுங்களே!” என்றவள், ஏதோ நினைத்துக்கொண்டு தன் கையையும் தட்டில் வைத்தாள். நூற்றுப் பதினொன்று.

அந்த நேரம் பார்த்து அலுவலகத்தின் இயக்குநர் பெரோ தசோ காப்பிக் கோப்பையோடு அறையிலிருந்து வெளியே வந்தார். எல்லோரையும் பார்த்து மலர்ந்து சிரிக்கும் நல்ல மனிதர்.

“ஐயா, மானியில ஏதோ கோளாறாட்டம் இருக்குது. ஒருக்கா வெச்சுப் பாருங்க” என்றாள் தினா.

அவர் மகிழ்ச்சியாகக் கை வைத்தார். ஒன்று என்று காட்டிய மானி, தனக்குத் தெரிந்த ஒரே சட்டத்தை உரக்க வாசித்தது: “முழு ஓய்வு உறுதி. ஓராண்டு நீட்டிப்பு வழங்கப்படுகிறது. இந்தக் காலத்தில் இவர் எந்தப் பணியும் செய்யக் கூடாது.”

அலுவலகம் முழுவதும் கை தட்டியது. இயக்குநரும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு ஓய்ந்த பிறகுதான், பதிவு அரசின் மையக் கணினியில் ஏறிவிட்டதை தினா கவனித்தாள். அதை ரத்து செய்ய இயக்குநர் ஒருவருக்குத்தான் அதிகாரம் உண்டு. இயக்குநரோ இப்போது எந்தப் பணியும் செய்யக் கூடாதவர்.

காப்பியைக் குடித்து முடித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனார்.

சில வாரங்கள் கழித்துப் புதிய குடியிருப்பு அட்டையை வாங்க வாணியும் நாச்சிமுத்துவும் வந்தார்கள். அலுவலகம் முன்பு போலவே நடந்துகொண்டிருந்தது. தன் எண் தொண்ணூறுக்கு இறங்கிவிட்டதாக தினா தூரத்திலிருந்தே சந்தோஷமாகக் கத்திச் சொன்னாள். ஆனால் கவுன்ட்டரை நெருங்க முடியவில்லை. கூடத்தை நிறைத்துப் படியிறங்கி, படகுத்துறை வரைக்கும் ஒரு வரிசை நின்றது. அதில் வெளிநாட்டு முகம் ஒன்றுகூட இல்லை. மீன் கூடையோடு வந்தவர்கள், பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்த ஆசிரியைகள், இடுப்பில் பேரக்குழந்தையோடு நின்றவர்கள் என்று எல்லோரும் செலோராப் பெண்கள்.

“உங்களுக்கெல்லாம் எதுக்குங்க விசா? இது உங்க நாடுதானே?” என்று வாணி கேட்டாள்.

வரிசையின் முதல் ஆளாக நின்ற வாட்டசாட்டமான அம்மாள் திரும்பினாள். இயக்குநர் பெரோ தசோவின் மனைவி.

“இந்த எந்திரம் என்ற வூட்டுக்காரரை வூட்டுக்கு அனுப்பி வெச்சிருச்சுங்க” என்றாள் அவள், கோபிச்செட்டிபாளையத்துத் தமிழில். “காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் அது எங்க, இது எங்கன்னு ஒரே கேள்வி.” பிறகு தினா பக்கம் திரும்பினாள். “இந்த நாட்டுலயே பொறந்தவ நான். எனக்கு எப்பங்க ஓய்வு விசா குடுப்பீங்க?”

தினா மானியின் கண்ணாடித் தட்டைத் துடைத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.