பதினேழும் பதினெட்டும்

சனிக்கிழமை காலை 10.34. புனேக்கு வெளியே ஒரு தனியார் பந்தயத் தடம். முதல் வளைவில், டயர் அடுக்குக்குள் மூக்கைச் செருகிக்கொண்டு கிடந்தது ஏழாம் நம்பர் கார். ஓட்டிய தேஜஸ் பெல்ட்டோடு இருக்கையிலேயே இருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றியவர்கள் அதை அவன் மடியில் வைத்துவிட்டு விலகி நின்றார்கள். வயது இருபத்தெட்டு.

மதியம் ஒரு மணிக்கு அவனுடைய பையில் ஒரு தாள் கிடைத்தது. வண்டியில் என்ன கோளாறு என்று ஓட்டுபவர் ஆங்கிலத்தில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுக்கும் பழுதுத் தாள். எல்லாம் பெரிய எழுத்துகள். பிரேக் ஃபேட், முதல் ரவுண்டிலிருந்தே பெடல் சாஃப்ட், செக் பண்ண நேரமில்லை, நானே சமாளித்துக்கொள்கிறேன் என்று இருந்தது.

அதாவது, தெரிந்தே போயிருக்கிறான்.

திங்கட்கிழமை 11.10. ஆகுர்டியில் அந்தப் பந்தயக் குழுவின் ஒர்க்‌ஷாப். வாசல் பெஞ்சில் தேஜஸின் மனைவி வைஷு உட்கார்ந்திருந்தாள். உள்ளே போன ஒவ்வொருவரிடமும் அவள் கேட்டது ஒரே கேள்விதான். பாமாவிடமும் கேட்டாள்.

"தெரிஞ்சே போனானா?"

பாமா அவள் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். அழுகை வரவில்லை. சனிக்கிழமையிலிருந்து அவளுக்குள் எல்லாம் மரத்துப் போயிருந்தது. கட்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் இங்கிலீஷ் டீச்சர். ஆறு மாதமாக ஞாயிறு தவறாமல் இங்கே வந்து மெக்கானிக்குகளுக்குப் பாடம் எடுத்தாள், கார்க் கோளாறுகளை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று. முதல் வாரம் மூத்த மெக்கானிக் மாடசாமி, எஞ்சின் திக்கித் திக்கி ஓடுவதை 'எஞ்சின் மிஸ்ஸிங்' என்று சொல்லப்போக, வெளியூரிலிருந்து வந்திருந்த இஞ்சினியர் ஒருவர் எஞ்சினை யார் திருடியது என்று பதறிவிட்டார். அதற்குப் பிறகுதான் நாற்பது வார்த்தைகள் கொண்ட அட்டவணையைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினாள். நாற்பதையும் தலைகீழாக ஒப்பிக்கக்கூடியவன் ஒருவன்தான். அவளுடைய தம்பி ரமேஷ், இந்தக் குழுவின் தலைமை மெக்கானிக். மாடசாமி எத்தனை முயன்றும் கையெழுத்தைத் தாண்டவில்லை.

அவளை வரச்சொல்லியிருந்த சப்-இன்ஸ்பெக்டர் ரவிசந்திரன் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழர்.

"டீச்சர், இந்தத் தாளை அவரு எழுதலைன்னு அந்தப் பொண்ணு அடிச்சுச் சொல்லுது. பெரிய எழுத்து, யாரு வேணா எழுதலாம். சனிக்கிழமை தேஜஸைத் தவிர தடத்துல இருந்தது மூணே பேரு. இஞ்சினியர் பாஸ்கர், உங்க தம்பி, மாடசாமி. இதுல இங்கிலீஷ் வர்றது பாஸ்கருக்குத்தான். வெள்ளிக்கிழமை தேஜஸோட பெரிய ஜக்டா வேற. கத்திக் கத்திச் சண்டை போட்டத ஊரே கேட்டிருக்கு."

"என் தம்பிக்கும் வரும் சார். நான் சொல்லிக்கொடுத்தது."

வேறொரு நாளாக இருந்தால் அதைப் பெருமையாகச் சொல்லியிருப்பாள்.

ரமேஷ் ஓரமாக நின்று ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்ததையே துடைத்தான். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. கூடப் பழகியவன் போய்விட்ட துக்கம் என்று பாமா நினைத்திருந்தாள்.

11.20. மாடசாமி.

"வண்டி எப்ப உள்ள வந்துச்சு?"

"பத்து அஞ்சுக்கு சாப். ரெண்டே ரவுண்டு போயிட்டுத் திரும்பிட்டாரு. தாளு எழுதி ரமேஷ் தம்பி கையில குடுத்துட்டு, தண்ணி குடிக்கப் போனாரு."

"நீ தாளைப் பாத்தியா?"

"பாத்தா மட்டும் எனக்கு என்ன தெரியப்போவுது?"

"அப்புறம்?"

"முன் சக்கரத்துக்கு ரெண்டு ஃபேன் வைக்கச் சொல்லுச்சு தம்பி. வச்சேன். இருபது நிமிஷம் ஓடுச்சு. பத்தரைக்கு வண்டி போயிருச்சு."

பாமாவுக்கு யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். ஆடை படியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பழக்கதோஷத்தில் கண் சுவர் அட்டவணைக்குப் போனது.

16. ஜடர்: பிரேக் மிதித்தால் உதறும்.
17. ஃபேட்: பெடல் பஞ்சாக அமுங்கும். லைனில் காற்று. ஏர் எடு.
18. ஸ்பாஞ்சி: சூட்டில் பிடிப்பு போகும். ஆற விடு.

பார்த்தாளே தவிர படிக்கவில்லை.

11.30. பாஸ்கர். கோயம்புத்தூர்க்காரன், கராடியில் வீடு. கண் சிவந்திருந்தது.

"சம்பவம் நடந்தப்ப எங்க இருந்தீங்க?"

"டைமிங் ரூம்ல சார். ஓடிவந்து வண்டியப் பார்த்ததுமே எல்லார் முன்னாடியும் சொன்னேன், பிரேக் லைன்ல காத்து நின்னிருக்குன்னு. வெள்ளிக்கிழமை பிரேக்கக் கழட்டி மாட்டினாங்க. அவசரமா செய்யாதீங்கன்னு சொன்னேன். அதுதான் சண்டை."

"தாள்லயும் அதானே இருக்கு?"

"இல்லைங்க. தாள்ல ஃபேடுன்னு இருக்கு. ஃபேடுன்னா சூடு. பிரேக் கொதிச்சுப்போய்ப் பிடிக்காது, ஆனா பெடல் கெட்டியா நிக்கும். ரெண்டு ரவுண்டுல அவ்வளவு சூடே ஏறாது. பெடல் அமுங்குச்சுன்னா அதுக்குப் பேரு ஸ்பாஞ்சி. தேஜஸ் பத்து வருஷமா ஓட்டறவன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இந்த ரெண்டையும் மாத்திச் சொல்ல மாட்டான்."

பாமா இப்போது படித்தாள். பதினேழு. பதினெட்டு. மறுபடி பதினேழு.

அட்டவணையைத் தட்டச்சு செய்த ராத்திரி, கணினியில் ஒரு வரி இரண்டு தடவை வந்திருந்தது. அதை நீக்கி, விளக்கங்களை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டிச் சரிசெய்தாள். அதில் இரண்டு இடம் மாறிவிட்டன. அவள் பஸ்ஸில் போகிறவள், பிரேக்கைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? அவள் வைத்த பரீட்சையில் ரமேஷ் இதையே எழுதினான். இந்த அட்டவணையை வைத்துத்தான் அவளும் திருத்தினாள். நாற்பதுக்கு நாற்பது போட்டாள்.

எழுந்தாள். அட்டவணைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"சார், இதை எழுதினது பாஸ்கர் இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"எழுதினவங்களுக்குப் பெடல் அமுங்குச்சுன்னு தெரிஞ்சிருக்கு. பாஸ்கர் சொன்னதக் கேட்டு எழுதியிருக்காங்க. ஆனா அதுக்குப் பேரு ஃபேடுன்னு நினைச்சிருக்காங்க. அந்தத் தப்பு தேஜஸுக்கும் வராது, பாஸ்கருக்கும் வராது. அது இந்தச் சுவத்துலதான் இருக்கு. நான் எழுதினது." விரலால் தொட்டுக் காட்டினாள். "என்கிட்ட படிச்சவங்கதான் இப்படி எழுத முடியும். அன்னைக்குத் தடத்துல இருந்த என் மாணவங்க ரெண்டு பேரு. மாடசாமி அண்ணனுக்கு எழுத வராது."

இன்னொரு பெயரை அவள் சொல்லவில்லை. ஸ்பானர் துடைக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"ரமேஷ், ஃபேன் எதுக்கு வச்சே?" என்று பாமாவே கேட்டாள்.

அவன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"ஃபேன் வச்சா சூடுதான் ஆறும். பெடல் சாஃப்ட்டுன்னு தாள்ல பார்த்தவன் ஃபேன் வைக்க மாட்டான், ஏர் எடுத்திருப்பான். தேஜஸ் எழுதின தாள்ல என்ன இருந்துச்சு?"

கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கேட்டாள்.

"ஸ்பாஞ்சி," என்றான் ரமேஷ். "பிரேக் ஸ்பாஞ்சின்னு மட்டும்தான் எழுதியிருந்தாரு. ஆற வச்சேங்க்கா."

ரவிசந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெடலை மிதிச்சுப் பார்த்துட்டுத்தானே மெக்கானிக் தாளுக்குக் கீழ கையெழுத்துப் போடணும்?"

"மிதிக்கல சார். போட்டுட்டேன். சரியாயிடுச்சுன்னு சொன்னேன். அவரும் ஏறிப் பெடல நாலஞ்சு தடவ அடிச்சு மிதிச்சுப் பார்த்தாரு. அடிச்சதுல பெடல் கொஞ்ச நேரம் கெட்டியா நின்னுச்சு. நம்பிப் போயிட்டாரு." நாக்கை ஈரப்படுத்திக்கொண்டான். "காத்துன்னு பாஸ்கர் சார் கத்தினதும் கையும் ஓடல, காலும் ஓடல. என் கையெழுத்து இருந்த தாளைக் கிழிச்சுட்டு, அவரே எழுதின மாதிரி ஒண்ணு எழுதிப் பையில வச்சேன்."

"செத்தவன் மேலயே பழியப் போட்டே," என்றான் பாஸ்கர். குரலில் கோபம்கூட இல்லை.

ரமேஷ் அவனைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான்.

"ஸ்பாஞ்சுன்னா பஞ்சு மாதிரின்னு எனக்கும் தோணுச்சுக்கா. முதல் நாளே தோணுச்சு. ஆனா நீ எழுதியிருந்தே."

பாமா அழுதுவிடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளும்தான் எதிர்பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

11.55. ரவிசந்திரன் அட்டவணையைச் சுவரிலிருந்து பிரித்துச் சுருட்டினார். ரமேஷ் கேட்காமலே ஜீப்பில் போய் ஏறிக்கொண்டான். பாமா வாசலுக்கு வந்தாள்.

வைஷு நிமிர்ந்து பார்த்தாள். இந்தத் தடவை கேட்கவில்லை, காத்திருந்தாள்.

"தெரிஞ்சு போகல," என்றாள் பாமா. "சரி பண்ணிட்டோம்னு சொன்னாங்க, நம்பிப் போனாரு. அவரு சரியான வார்த்தையத்தான் எழுதினாரு. அதுக்குத் தப்பா அர்த்தம் சொல்லிக்கொடுத்தது நான்."

"கௌன் ஸா... எந்த வார்த்தை?"

"ஸ்பாஞ்சி."

வைஷு அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு சற்று நகர்ந்து, பெஞ்சில் பாமாவுக்கு இடம் விட்டாள்.

பாமா உட்காரவில்லை.